பரீட்சை கடினமாக இருக்கட்டும், வாசல் திறந்திருக்கட்டும்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பின்னர், தகவல் தொடர்பைப் பற்றி வாய் திறப்பவர்கள் எல்லோரும் கைத்தொலைபேசிக் கோபுரங்களைப் பற்றியே பேசுகிறார்கள். இன்னும் உயரமான கோபுரம் வேண்டும், பெரிய ஜெனரேற்றர் வேண்டும், புதிய செயலி வேண்டும் என்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் அயலவர்களில் பலருக்குப் பதுளையிலும் நுவரெலியாவிலும் சொந்தபந்தம் உண்டு. மண்சரிவுச் செய்திகள் வரத் தொடங்கியதும் அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்த அழைப்புகள் போய்ச் சேரவில்லை. 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பேரிடர் அது. கோபுரம் சரியாமல் நின்றாலும் மின்சாரம் போய், கேபிளும் அறுந்துவிட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை. கோபுரமே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. அதுதான் ஹாம் ரேடியோ, அதாவது அனுமதி பெற்ற ஆர்வலர்கள் தாங்களே நடத்தும் வானொலித் தொடர்பு. அந்த வழிக்குள் ஒரு சாதாரண தமிழ் இளைஞர் நுழைவது இன்னமும் இவ்வளவு சிரமமாக இருப்பதை ஆட்சேபித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கப்பல்களில் வானொலி அதிகாரியாக வேலை செய்தவன். 1999 பெப்ரவரி 1 ஆம் திகதியோடு உலகக் கடல்களில் அபாய அழைப்புகளுக்கான மோர்ஸ் காவல் முடிவுக்கு வந்தது. அதனுடன் எங்கள் தொழிலும் போயிற்று, ஆனால் அலைகளின் குணம் மாறவில்லை. 7 மெகாஹேர்ட்ஸில் இருபது மீற்றர் நீளமான கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய், அயன மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீற்றருக்கு மழைபோல இறங்கும். இடையில் பிதுருதலாகலை நின்றாலும் அதற்குத் தடையில்லை. கார் பற்றரி ஒன்று, கையடக்கமான ஒரு வானொலிப் பெட்டி, அந்தக் கம்பி, இவற்றோடு வேலை தெரிந்த ஒரு மனிதர் இருந்தால் பதுளையும் கொழும்பும் பேசிக்கொள்ளலாம். பெட்டியையும் கம்பியையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். வேலை தெரிந்த மனிதரைத்தான் புயலுக்குப் பல வருடங்களுக்கு முன்பே உருவாக்கியிருக்க வேண்டும்.

இது கற்பனையல்ல. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் தென்கரை துண்டிக்கப்பட்டபோது, ஹாம் ஆர்வலர் விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அவரது நண்பர்களும் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையில் இணைப்பை ஏற்படுத்தினார்கள். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி இருந்தார். 1987க்குப் பிறகு ஹாம் ஒலியே எழாதிருந்த அத்தீவுகளில் நிலையம் அமைக்க நெடுங்காலம் போராடி அனுமதி பெற்று, அந்த டிசெம்பர் மாதத்தில்தான் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தார். அலை அடித்தபின் தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் செய்தி கடத்தியவர்களில் அவரும் அவர் குழுவினரும் இருந்தார்கள். அந்த அனுமதி இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் அவர் அங்கே இருந்திருக்க மாட்டார். எங்கள் முல்லைத்தீவுக் கரையிலும் கல்முனைக் கரையிலும் அன்று எத்தனை ஆயிரம் பேர் மாண்டார்கள்! அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் ஒலிபரப்புக் கருவி வைத்திருக்கக்கூடிய காலமா அது?

ஹாம் அனுமதிப்பத்திரத்துக்குப் பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், அதுவும் கண்டிப்பாக வேண்டும். இருபது முப்பது டொலருக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் சீனக் கைக்கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 136 இலிருந்து 174 மெகாஹேர்ட்ஸ் வரை எதில் வேண்டுமானாலும் அது பேசும். கடலில் மூழ்கும் கப்பல் உதவி கேட்கும் 156.8 மெகாஹேர்ட்ஸ், அதாவது பதினாறாம் சனல், அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. விளையாட்டாக ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் மாலுமியின் குரல் அமுங்கிப்போகும். அந்த அலைவரிசையை வருடக்கணக்காகக் காதில் மாட்டிக்கொண்டு இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: விதி தெரியாத கையில் ஒலிபரப்பி ஆபத்தானது. இங்கே அனுமதிப்பத்திரத்தை நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று தரம் பிரித்திருப்பதன் நியாயமும் இதுவே. அறிவு கூடக்கூட வலுவும் அலைவரிசைகளும் கூட வேண்டும்.

ஆனால் பரீட்சை அறிவைச் சோதிக்க வேண்டும். பொறுமையையும் பின்புலத்தையும் சோதிப்பது அதன் வேலையல்ல. எங்கள் நாட்டில் ஒலிபரப்புக்கான அனுமதி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவோடு முடிவதில்லை. பாதுகாப்பு அமைச்சின் இசைவும் வேண்டும். போர் 2009 இலேயே முடிந்துவிட்டாலும் இந்த நிபந்தனை இருக்கிறது. அந்த இசைவுக்கு எத்தனை நாள், மறுத்தால் என்ன காரணம், யாரிடம் மேன்முறையீடு என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டியவை. ஒரு சிங்கள மாணவருக்கு இது சலிப்பூட்டும் ஒரு படிவமாக இருக்கலாம். ஒரு தமிழ் வீட்டில் அது வேறு விதமாகப் படுகிறது.

என்னிடம் மோர்ஸ் படிக்க வந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் தாய், பரீட்சை என்ற பேச்சு எழுந்ததுமே அவனை நிறுத்திவிட்டார். 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பியதை நேரில் கண்டவர் அவர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது உண்மைதான். ஆனால் அந்த விடியற்காலை அவர் மனதிலிருந்து போகவில்லை. “பெயரை நாங்களே கொண்டுபோய் அவங்கட கையில குடுக்கிறதா, ஐயா?” என்று கேட்டார். என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இந்த ஒழுங்கைகளில் நிறைய உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மொட்டைமாடியில் ஒரு கம்பி கட்டக் கேட்டாலே நிர்வாகக் குழு பொலிஸ் கடிதம் கேட்கிறது. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். இந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பு அரசுக்குரியது. அனுமதிப்பத்திரம் தனக்குப் பாதுகாப்பு என்று அந்தத் தாய் நம்பும்படி நடைமுறை இருக்க வேண்டும்.

மொழியும் ஒரு சுவராக நிற்கிறது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் நான் பிள்ளைகளிடம் கொடுப்பதெல்லாம் ஆங்கிலப் புத்தகங்களே. ஓமின் விதியையும் மின்தேக்கியையும் சாதாரண தரத்தில் தமிழில் படித்து ‘ஏ’ எடுத்த பிள்ளை, அதே விடயத்தை ஆங்கிலத்தில் கண்டு திகைக்கிறது. பாடத்திட்டம், விதிமுறைக் கையேடு, மாதிரி வினாக்கள் எல்லாம் தமிழில் அச்சாகி, பரீட்சை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் நடக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் 2020 இலிருந்து வீட்டுக் கணினியின் முன் இருந்தே ஆரம்பநிலைப் பரீட்சை எழுதுகிறார்கள். அங்கே 2006 முதல் அந்த அனுமதிப்பத்திரம் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். அமெரிக்காவில் வினா வங்கி முழுவதையும் முன்கூட்டியே வெளியிட்டு, அதிலிருந்து 35 கேள்விகள் கேட்கிறார்கள்; 26 சரியானால் முதற்படி கிடைக்கும். அங்கே பரீட்சை நடத்துபவர்களே தொண்டர்களான ஹாம்கள்தான். அதனால் ஒழுங்கு கெட்டுவிடவில்லை. மோர்ஸைக் கட்டாயமாக்குவதா இல்லையா என்பதையும் 2003 ஜெனீவா உலக வானொலி மாநாடு அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. மோர்ஸ் என் உயிர். இருந்தும் அதைக் கொண்டு ஒரு பிள்ளையைத் தடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பேரிடருக்குத் தயாராக ஹாம்களுக்கு இடமளிக்குமாறு, அதே மாநாட்டில் திருத்தப்பட்ட சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் ஒவ்வோர் அரசையும் ஊக்குவிக்கின்றன. எங்கள் அரசுக்கும் அது பொருந்தும்.

சட்டத்தை நடைமுறைப்படுத்துவதிலும் தலைகீழான போக்கு வேண்டாம். 1991 இன் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். அப்படியானால் அனுமதி பற்றி வாங்குபவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கருவி விற்பவர்களை முதலில் கேளுங்கள். வேண்டுமென்றே இடையூறு செய்பவர்களைத் திசை கண்டறிந்து பிடியுங்கள். கரையோடு பேச வேறு வழியில்லாமல் ஹாம் அலைவரிசைக்குள் வரும் ஆழ்கடல் மீனவர்களின் கதை வேறு. அவர்களுக்குச் சரியான சனலும் கருவியும் மலிவாகக் கொடுங்கள், அபராதம் அதற்குப் பிறகு. தானாக முன்வந்து பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பமிட்டு அனுமதி கேட்பவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

1925 டிசெம்பர் 16 ஆம் திகதி கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானபோது அதன் பின்னணியில் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவர் திரட்டிய வயர்லெஸ் கழகத்து ஆர்வலர்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய பரிசோதனை ஒலிபரப்புகளுக்குப் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களைக்கூடப் பயன்படுத்தினார்கள். நூறு வருடம் கடந்துவிட்ட நாட்டில், கம்பி கட்ட ஆசைப்படும் ஒரு பையன் வீட்டில் அடங்கி இருக்கிறான்.

தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை தடவை இப்பரீட்சை நடந்தது, எந்தெந்த மாவட்டங்களில், எந்தெந்த மொழிகளில், பாதுகாப்பு இசைவு எத்தனை பேருக்கு நிலுவையில் உள்ளது என்று சபையில் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நானே விண்ணப்பிப்பேன். அடுத்த ஒக்டோபரில் மழைக்காலம் தொடங்கும் முன் நடத்தக்கூடியதாக ஒரு பரீட்சைத் திகதியை ஆணைக்குழு மூன்று மொழிகளிலும் பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு மண்டபத்தில், சனி ஞாயிறுகளில், காசு வாங்காமல் தமிழில் வகுப்பு எடுக்க நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
முன்னாள் கப்பல் வானொலி அதிகாரி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.