20 வருசம் உழைத்தவருக்கும் புது ஆள் கூலியா? ராயகிரி தொழிலாளிக்கு ஏணி எங்கே?

ராயகிரி:

விடிந்தும் விடியாத நேரம். டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. கையில் தூக்குச்சட்டியோடு ஆண்களும் பெண்களும் பஸ்சுக்கு நிற்கிறார்கள். சங்கரன்கோவில் தறிக்குப் போகிறவர்கள் உண்டு. ராஜபாளையம் மில்லுக்குப் போகிறவர்கள் உண்டு. வயல் வேலைக்கு நடந்தே போகிறவர்களும் உண்டு.

இவர்களில் ஒருவரை நிறுத்தி, "எத்தனை வருசமா வேலை பாக்கீக?" என்று கேட்டால் பதில் உடனே வரும். 20 வருசம் என்பார், 25 வருசம் என்பார். "நல்ல சம்பளம் எப்போ வரும்?" என்று கேட்டால் பதில் வராது. சிரிப்புதான் வரும்!

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

குமாஸ்தா கணக்கு

முதலில் மாதச் சம்பளக்காரரைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசு ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேருகிறவருக்கு, 2017ல் அறிவித்த சம்பள விகிதப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். வருசத்துக்கு 3 சதவீதம் இன்கிரிமெண்ட். ஒரே பதவியில் இருந்தாலும் 10 வருசத்தில் தேர்வு நிலை, 20 வருசத்தில் சிறப்பு நிலை.

கேட்க நன்றாக இருக்கிறது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும். 3 சதவீத இன்கிரிமெண்டை மட்டும் நம்பினால், அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாக 24 வருசம் ஆகும்! 25 வயசில் சேர்ந்தவர் 49 வயசில்தான் 39,000 ரூபாயைப் பார்ப்பார்.

2025 பட்ஜெட்டில் புதிய வரி முறைப்படி வருசம் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது என்றார்கள். அதாவது மாதம் 1 லட்சம். அதையே பெரிய சம்பளம் என்று வைத்துக்கொண்டால், 19,500ல் தொடங்கியவர் வெறும் இன்கிரிமெண்டில் அந்த எல்லையைத் தொட 55 வருசத்துக்கு மேல் ஆகும். ஓய்வு பெறும் வயசோ 60! பதவி உயர்வும், அகவிலைப்படியும், அடுத்த ஊதியக் குழுவும் கை கொடுப்பதால்தான் அவர் பிழைக்கிறார்.

இருந்தாலும் அவருக்கு ஓர் ஏணி இருக்கிறது. படி சின்னதுதான். ஆனால் ஏறின படியில் இருந்து யாரும் இறக்கிவிடுவதில்லை.

தறிக்காரர் கணக்கு

விசைத்தறியில் கதை வேறு. நெய்த அளவுக்குத்தான் கூலி. வேலை பழகி, கை ஓட ஆரம்பித்ததும் 25, 30 வயசுக்குள் உச்சக் கூலி வந்துவிடுகிறது. "சீக்கிரமே வந்துட்டுதே, நல்லதுதானே?" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம்.

50 வயசில் கண் மங்குகிறது. முழங்கால் வலிக்கிறது. அறுந்த இழையை முடிய நேரம் பிடிக்கிறது. முன்பு பார்த்த அத்தனை தறியையும் பார்க்க முடியவில்லை. கூலி குறைகிறது. குமாஸ்தா அதிகச் சம்பளம் வாங்குகிற வயசில், தறிக்காரர் கூலி இறங்குமுகம்! மகள் கல்யாணமும் மகன் படிப்பும் அதே வயசில்தான் வந்து வாசலில் நிற்கின்றன.

வயல் வேலைக்கு இந்த ஏற்றம்கூட இல்லை. 18 வயசில் நாற்று நடப் போன பெண், 50 வயசிலும் அதே வரிசையில் குனிந்து நிற்கிறார். பக்கத்தில் நேற்று வந்த பெண்ணுக்கு என்ன கூலியோ, அதேதான் இவருக்கும்.

100 நாள் வேலைத் திட்டமும் இப்படித்தான் இருந்தது. 2006ல் தமிழ்நாட்டில் நாள் கூலி 80 ரூபாய். 2025ல் 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். முதல் நாள் வந்தவருக்கும், 15 வருசம் மண்வெட்டி பிடித்தவருக்கும் ஒரே விகிதம். ராயகிரி பேரூராட்சி என்பதால், கிராம ஊராட்சிகளுக்கான அந்தத் திட்டமும் இங்கே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 5 வருசத்துக்கு மேல் போகாமல் கூலியைத் திருத்தி அமைக்கச் சொன்னது. 2019ல் நிறைவேறிய கூலிச் சட்டத் தொகுப்பிலும் அதே 5 வருசம்தான். திறமைக்கு ஏற்ப விகிதம் போடுகிறார்கள். ஆனால் எத்தனை வருசம் உழைத்தார் என்பதற்குத் தனி விகிதம் இல்லை.

பணிக்கொடைச் சட்டம் 1972ல் வந்தது. 10 பேர் வேலை செய்கிற இடத்தில் 5 வருசம் தொடர்ந்து உழைத்தவருக்கு, வருசத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் தர வேண்டும் என்றது. நெய்த அளவுக்குக் கூலி வாங்குகிறவரையும் அது விட்டுவிடவில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே கேட்க முடியும்? பெயர் இல்லாதவர் 20 வருசம் உழைத்தாலும் காகிதத்தில் அவர் புது ஆள்தான்!

முதலாளி பக்கம்

சிறு தறிக்காரர்களுக்கும் கஷ்டம் உண்டு. நூல் விலை ஏறுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, சேலை தேங்குகிறது. "இதுல சர்வீசுக்கு வேற கூலியா?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஒன்று. பழகின கை நெய்தால் சேதம் குறைவு. தறி ரிப்பேர் ஆனால் பாதியை அவரே பார்த்துவிடுவார். புதுப் பையனுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். இந்த லாபம் எல்லாம் யாருக்குப் போகிறது? அதில் ஒரு பங்கைக் கேட்டால் தப்பா?

செய்ய வேண்டியது

வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பெயரைப் பதிவேட்டில் ஏற்றி அடையாள அட்டை தர வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலியைப் பேச்சுவார்த்தையில் முடிவு செய்கிறார்கள். பலமுறை வேலைநிறுத்தம் நடந்த பிறகே பேச்சு முடிந்திருக்கிறது. அடுத்த முறை உட்காரும்போது "எத்தனை சதவீதம்?" என்பதோடு, "எத்தனை வருசம்?" என்றும் கேட்க வேண்டும். 5 வருசம் முடித்தவருக்கு ஒரு படி, 10 வருசம் முடித்தவருக்கு இன்னொரு படி. தொகை சின்னதாக இருந்தாலும் சரி, படி வேண்டும். கண் மங்கியவரைப் பயிற்சி கொடுக்கிற வேலையிலும் மேற்பார்வையிலும் அமர்த்தலாம்.

பெரிய சம்பளத்துக்கு எத்தனை வருசம் என்று குமாஸ்தா கணக்காவது போடுகிறார். ராயகிரி தொழிலாளிக்கு அந்தக் கணக்குப் போடவே வழி இல்லை. முதல் படியைப் போட்டால் போதும், மிச்சத்தை அவரே ஏறிக்கொள்வார்.