பழைய பெட்டியின் ஜுரம்

வீட்டிலே ஒரு முதியவருக்கு இரண்டு நாள் ஜுரம் கண்டால், "காலம் நெருங்கிவிட்டது" என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். நாடியைப் பிடித்துப் பார்க்கிறோம். என்ன சாப்பிட்டார், எந்த வேளையில் குளிர் கண்டது என்று விசாரிக்கிறோம். ஆனால் கூடத்து மூலையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாய் பேசாமல் உழைத்த கம்ப்யூட்டர் நடுவிலே இரண்டு தடவை நின்றுவிட்டால் போதும். நெற்றியைத் தொடுவதற்கு முன்பே பழைய சாமான் வியாபாரியைக் கூப்பிட்டு விடுகிறோம். இது நியாயந்தானா என்பதை இந்த வாரம் சற்று ஆராய்வோம்.

நியாயம் அநியாயம் இருக்கட்டும், சிக்கனத்தைப் பார்ப்போம். புதிய பெட்டி ஒன்று வாங்குவதென்றால் நடுத்தரக் குடும்பத்தின் மாத வரவு செலவே ஆட்டம் கண்டுவிடும். பழைய பெட்டியைக் கிடத்திய வியாதியோ, அநேக சந்தர்ப்பங்களில், சில நூறு ரூபாய் பெறும் ஒரு சிறு விசிறியாகவோ, ஒரு கைப்பிடித் தூசியாகவோ இருக்கும். பெட்டிக்குள் பையனுடைய பாடங்கள் இருக்கின்றன. பெண்ணின் உத்தியோக மனுக்கள் இருக்கின்றன. பாட்டியின் கடைசிப் புகைப்படங்களும் இருக்கின்றன. இவ்வளவையும் ஒரு பிடி தூசிக்குப் பலி கொடுக்கலாமா?

தேசத்தின் கணக்கும் ஒன்று உண்டு. இத்தகைய பெட்டிகளின் உட்கருவிகளில் மிகப் பெரும் பகுதி வெளிநாடுகளிலிருந்து வந்தவை. காலத்துக்கு முன் ஒன்றைக் கழித்துக் கட்டுவதென்றால், இங்கே ஒரு குப்பையைச் சேர்த்துக்கொண்டு அங்கே ஒரு தொகையை அனுப்புகிறோம் என்று அர்த்தம். மகாத்மா காந்தி 1924-ல் யந்திரங்களைப் பற்றி விவாதித்தபோது, தையல் யந்திரத்துக்கு மட்டும் விலக்களித்துப் பாராட்டிப் பேசினார். யந்திரம் மனிதனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். மனிதன் அதற்கு அடிமையாகிவிடக் கூடாது என்பதே அவர் கருத்து. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் அறியாமல், நின்றவுடன் தூக்கியெறிந்துவிட்டு அடுத்ததற்குப் பணம் கட்டுகிறவன், யந்திரத்துக்கு எஜமானனா, ஊழியனா?

நிற்க. வைத்தியத்துக்கு வருவோம். பழைய பெட்டிகளை வாட்டும் வியாதிகள் பலவானாலும் முக்கியமானவை இரண்டு. ஒன்று உஷ்ணம், மற்றொன்று பசி. பசி என்றது, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்சாரப் பெட்டி தளர்ந்து, போதிய மின்சாரம் ஊட்டாமற் போவதை. இரண்டாலும் யந்திரம் நின்றுதான் போகும். ஆனால் நிற்கும் விதமும் வேளையும் வேறு. இதைக் கவனிக்கத் தெரிந்தவர் பாதி வைத்தியர் ஆகிவிடுகிறார்.

திறந்த கால் மணி, அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிப் பிறகு சட்டென்று அணைகிறதா? உடனே மறுபடி முடுக்கினால் சில நிமிஷங்களிலேயே படுத்துக்கொள்கிறதா? ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் திரும்பவும் பழையபடி கால் மணி உழைக்கிறதா? அப்படியானால் அநேகமாக அது உஷ்ணம். காலையில் முதல் தடவை பொத்தானை அழுத்தினால் எழுந்திராமல், மூன்றாவது நான்காவது தடவையில் எழுந்திருக்கிறதா? கனமான வேலை ஒன்றைக் கொடுத்த அந்தக் கணத்திலேயே தானாக அணைந்து, தானாகவே மீண்டும் துவங்குகிறதா? அப்படியானால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் விழ வேண்டும். எந்தச் சலனமும் இல்லை என்றால், சுவரிலுள்ள பிளக்கையும், ஒயரையும், பெட்டியின் பின்புறத்துச் சிறு ஸ்விட்சையும் முதலில் பாருங்கள். உள்ளே விசிறி சுற்றுகிறது என்பதற்காக மின்சாரம் பூரணமாக இருக்கிறதென்று நம்பிவிட வேண்டாம். அரை வயிற்றுக் கஞ்சியிலும் கையை ஆட்டலாம். மூட்டை தூக்க முடியாது.

உஷ்ணத்தின் கதையைக் கேளுங்கள். 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பெர்ஸனல் கம்ப்யூட்டரின் மின்சாரப் பெட்டி 63.5 வாட் சக்திதான் கொண்டது. அதன் பிராஸஸருக்குத் தனி விசிறி கிடையாது. 2004-ல் வந்த பெண்டியம் 4 பிராஸஸர்களில் வேகம் மிகுந்ததோ தான் ஒன்றே 115 வாட் உஷ்ணத்தைக் கக்கியது. கட்டைவிரல் நகத்தளவுச் சில்லு ஒன்றில் பழைய காலத்து நூறு வாட் பல்பின் உஷ்ணத்துக்கும் மேல்! அந்த உஷ்ணத்தை வாங்கி வெளியே விடத்தான், அதன் தலையில் உலோகத் தகடுகளாலான ஹீட் ஸிங்கையும், அதன்மேல் ஒரு விசிறியையும் வைத்திருக்கிறார்கள்.

பெண்டியம் 4 முதலிய பிராஸஸர்களில் ஒரு தற்காப்பு உண்டு. உஷ்ணம் எல்லை மீறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அப்போதும் தணியாவிட்டால் அணைந்துவிடும். "வர வர ஆமையாக நகர்கிறது, வைரஸ் புகுந்திருக்கும்" என்று பல வீடுகளில் பழி சொல்லும்போது, உண்மையில் அது மூச்சுத் திணறி மெதுவாக நடந்து கொண்டிருக்கலாம். அவ்வளவு ஜாக்கிரதை இல்லாத பிராஸஸர்களும் இருந்தன. 2001-ல் படம் பிடித்துக் காட்டப்பட்ட ஒரு பரீட்சையில், ஹீட் ஸிங்கை எடுத்தவுடன் ஏ.எம்.டி. கம்பெனியின் ஆத்லான் பிராஸஸர் நொடிகளில் புகைந்து போயிற்று. பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆகவே, யந்திரம் தானாக அணைந்தால் அதைக் கோபிக்க வேண்டாம். அது தன் உயிரையும் நம் பணத்தையும் காப்பாற்றுகிறது.

விசிறி எவ்வளவு சுற்றினாலும், அறையிலுள்ள காற்றைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் உற்பத்தி செய்ய முடியாது. அக்கினி நட்சத்திரத்தில் அறையே 38 டிகிரி இருந்தால், பெட்டிக்குள் அதற்கு மேல்தான் இருக்கும். இதற்கு மேல் நம்மவர்களின் உபசாரம் வேறு! சி.பி.யு.வைக் கம்ப்யூட்டர் மேஜையின் அடியறையில், பின்புறம் பலகையோடு பலகையாக அழுத்தி வைத்து விடுகிறோம். அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து, ஓடும்போதும் கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அன்பு மெச்சத்தக்கதே. ஆனால் ஜுரக்காரனுக்குக் கம்பளி போர்த்திக் கதவைச் சாத்துவது போலத்தான். பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையை விட்டுச் சிறிது உயர்த்தி வையுங்கள். பல பெட்டிகளுக்கு இந்த ஒரு சிகிச்சையே போதும்.

அடுத்தது தூசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகு பொத்தானை ஒரு தடவை அழுத்தி மீதி மின்சாரத்தைப் போக்குங்கள். பக்கத்துத் தகட்டைத் திருப்புளியால் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். விசிறிக்கும் ஹீட் ஸிங்குக்கும் நடுவிலே, கம்பளித் துண்டு போல் தூசி படிந்திருப்பதைக் காண்பீர்கள். விசிறியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷினால் தூசியைத் தட்டி எடுங்கள். ஈரத்துணி உதவாது. ஹீட் ஸிங்கின் நான்கு கால்களும் நன்றாகப் பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் கால் ஒன்று நழுவினாலும் போதும், யந்திரம் சில நிமிஷங்களிலேயே படுத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் உஷ்ணம் குறையாவிட்டால், ஹீட் ஸிங்குக்கும் பிராஸஸருக்கும் இடையே பூசிய பசை காய்ந்து மண்ணாகியிருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு ஒரு பச்சைப் பயறளவு புதுப் பசை வைக்க வேண்டும். சுவரளவு பூசினால் பலன் அதிகம் என்று எண்ண வேண்டாம். பசை இடைவெளியை நிரப்பத்தான், மெத்தை போடுவதற்கல்ல. கையில் நிதானம் இல்லாதவர்கள் இந்த ஒரு காரியத்தைப் பழுது பார்ப்பவரிடம் விடுவது உத்தமம்.

இனி எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்று சிறு சிறு கவளமாக்கி ஊட்டுவது அதன் கடமை. 1995-ல் ஏற்பட்ட ஏ.டி.எக்ஸ். முறைப்படி மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு பூமி. இவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். பெட்டியைத் திறந்தவுடன் வரும் பயாஸ் திரையில் உஷ்ணத்தின் அளவையும் இந்த வோல்ட் கணக்கையும் பல யந்திரங்கள் தாமே காட்டும். வேலையின்றி இருக்கும்போதே உஷ்ணம் 80 டிகிரியைத் தொட்டாலும், 12 வோல்ட் 11-க்கு இறங்கினாலும் வியாதி இன்னதென்று தெரிந்துவிட்டது.

மதர் போர்டின் மீது சிறு உருளைகளாக நிற்கும் கபாஸிடர்களையும் நோக்குங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலும், பழுப்பாகக் கசிந்திருந்தாலும் அது முடிந்த கதை. இந்த வியாதி ஒரு சமயம் கொள்ளை நோயாகவே பரவிற்று. குறைபாடுள்ள கபாஸிடர்களால் நேர்ந்த நஷ்டத்துக்காக டெல் கம்பெனி 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் கபாஸிடரின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது மின்சார நிபுணர்களின் பொதுக் கணக்கு. ஆகவே உஷ்ணமும் பசியும் தனித்தனி வியாதிகள் என்று நாம் பிரித்தாலும், முன்னது பின்னதற்குத் தாய். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறியில் தூசி அடைகிறது, உள்ளே உஷ்ணம் ஏறுகிறது, கபாஸிடர் தளர்கிறது, பெட்டி பட்டினி கிடக்கிறது. கோடையில் சுவர் மின்சாரமே இறங்கிவிட்டால், அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுத்து எஸ்.எம்.பி.எஸ். இன்னும் சூடேறுகிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் வீட்டில் திறக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். அதனுள் இருக்கும் பெரிய கபாஸிடரில் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில காலம் அப்படியே நிற்கலாம். நான்கு திருகாணிகளைக் கழற்றி முழுப் பெட்டியாக மாற்றுவது ஒன்றே வழி. நன்றாயிருக்கும் வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதே நிச்சயமான பரீட்சையுங்கூட. புதிதாக வாங்கும்போது மேலே பெரிய எழுத்தில் போட்ட வாட் கணக்கைக் கண்டு மயங்காதீர்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள். அங்கே 168 வாட்தான் கிடைக்கும். பின்புறம் 115, 230 என்று குறித்த சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-லேயே நிற்கட்டும். குழந்தைகள் அதை 115-க்குத் தள்ளிவிட்டால், அடுத்த தடவை வெடிச் சத்தந்தான் கேட்கும்.

இன்னொன்று மிக முக்கியம். பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுரீரென்கிறதா? டெஸ்டர் வைத்தால் எரிகிறதா? பூமி இணைப்பு இல்லாத பிளக்கில் சொருகியிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அமைப்பின்படி பூமி கிடைக்காதபோது பெட்டியின் உடம்பில் மின்சாரம் சிறிதளவு நிற்கும். "இலேசாகத்தானே உறைக்கிறது" என்று அலட்சியம் செய்ய வேண்டாம். உள்ளே வேறு பழுது ஏற்பட்டால் அதே இரும்பு உயிரைக் குடிக்கும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்து இரண்டு துவாரத்தில் சொருகும் சாமர்த்தியத்தை இன்றே விட்டுவிடுங்கள். யந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கு முன், வீட்டு எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

எல்லாப் பெட்டியும் பிழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. மதர் போர்டே போய்விட்டால் விடைகொடுக்க வேண்டியதுதான். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்திருப்பதால், அதை மட்டுமே தாங்கும் யந்திரத்தில் பாங்கிக் காரியம் செய்வது உசிதமல்ல. லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். விடைகொடுக்கும் போதும் உள்ளிருக்கும் படங்களையும் கடிதங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள். மின்னணுக் கழிவு பற்றிய விதிகள் நம் தேசத்தில் 2011-ல் பிறந்து, 2022-ல் புதுப்பிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றன. ஒயரைத் தெருவில் எரித்துச் செம்பு எடுப்பவரின் மூச்சில் போகும் விஷம், நம் வீட்டுப் பெட்டியிலிருந்து புறப்பட்டதாக இருக்க வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் சிறு கடைகளிலும், பழைய பெட்டிகளை உயிர்ப்பிக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்பதும் சுதேசி தர்மந்தான். அவர்களிடம் போகும் முன், எந்த வேளையில் நின்றது, எப்படி நின்றது என்று நான்கு நாள் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். திருப்புளியைப் பையனிடம் மட்டும் கொடுக்காமல் பெண்ணின் கையிலும் கொடுங்கள். சுயராஜ்யம் என்பது பெரிய வார்த்தை. நம் வீட்டு யந்திரம் ஏன் நின்றதென்று நமக்கே தெரிந்திருப்பதும் அதில் ஒரு சிறு பகுதி.