அணைத்தால் ஆபாசமா?

2023 டிசம்பர் 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் பாரதிய நியாய சன்ஹிதா மசோதா நிறைவேறியபோது எதிர்க்கட்சி வரிசைகளில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டதாக அரசு பெருமை பேசிய அதே நாளில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆவது பிரிவு புதிய சட்டத்தில் 296-ஆவது பிரிவாக மறுபிறவி எடுத்தது. அபராதத்துக்கு ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு வந்ததைத் தவிர, சாரத்தில் மாற்றம் ஏதுமில்லை.

பொது இடத்தில் பிறருக்கு எரிச்சல் உண்டாகும் வகையில் ஆபாசச் செயல் புரிந்தால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது அந்தப் பிரிவு. எது ஆபாசச் செயல் என்பதற்கு அதில் வரையறை இல்லை. ஆகவே, அதை முதலில் தீர்மானிப்பவர் நீதிபதி அல்ல. அந்த வழியாக வரும் காவலர். மகாராஷ்டிரத்தில் அவருடைய கையில் இன்னொரு ஆயுதமும் உண்டு. 1951-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, பொது இடத்தில் 'அநாகரிகமாக நடந்துகொள்வதை'க் குற்றமாக்குகிறது. 2015 ஆகஸ்டில் மும்பை மட் தீவுப் பகுதி விடுதிகளில் காவல்துறை புகுந்து, சுமார் 40 ஜோடிகளைப் பிடித்து, பலரிடம் ரூ.1,200 அபராதம் வசூலித்தது இந்தப் பிரிவைக் காட்டித்தான். பூட்டிய அறை எப்படிப் பொது இடமாயிற்று என்று ஊரே கேட்ட பிறகு விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

இப்படிப்பட்ட சட்டங்களின் நிழலில்தான், முன்பின் அறியாதவரை அணைத்துக்கொள்ள அழைக்கும் பதாகை இந்திய நகரங்களின் கடற்கரைகளுக்கும் கடைவீதிகளுக்கும் வந்து சேர்ந்தது. 2004 ஜூன் 30-ஆம் தேதி சிட்னி நகரின் பிட் தெருவில் ஜுவான் மான் என்ற புனைபெயர் கொண்ட இளைஞர் 'இலவச அணைப்பு' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார். முதலில் அவரை அணைத்தவர் ஒரு மூதாட்டி. அன்று காலையில்தான் அவருடைய நாய் இறந்திருந்தது. ஒரே மகளை விபத்தில் இழந்து அன்றோடு ஓராண்டு. நகர நிர்வாகமோ, இரண்டரைக் கோடி டாலருக்குக் காப்பீடு எடுத்துவிட்டு வா என்றது. பத்தாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு போன பிறகே தடை விலகியது. அதிகார வர்க்கம் எந்தக் கண்டத்திலும் ஒரே மாதிரிதான் போலும்.

இந்தியாவில் இந்தப் பதாகைக்கு அரசியல் கூர்மை வந்தது 2018-இல். அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் கொல்கத்தா மெட்ரோ ரயிலில் அணைத்துக்கொண்டு நின்றதாகக் கூறி ஒரு ஜோடியைச் சக பயணிகளே டம்டம் நிலையத்தில் அடித்தனர். அடுத்த சில நாள்களில் மெட்ரோ நிலைய வாயில்களில் இளைஞர்கள் திரண்டு, வருவோர் போவோரை அணைத்துக்கொள்ள அழைத்தனர். அடித்தவர்கள் சொன்னதும், இன்றும் பலர் சொல்வதும் ஒன்றே: 'இது நம் பண்பாடு அல்ல.'

தமிழர் இதைச் சொல்லும்போது சற்று யோசிக்க வேண்டும். இழவு வீட்டில் முன்பின் அறியாத பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுவது எந்த நாட்டிலிருந்து இறக்குமதியானது? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு, மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் கைகூப்பி வணங்குவதோடு நிறுத்திக்கொள்பவைதான். ஆனால் துக்கத்தில் அந்த வரம்பு தானாகவே உடைகிறது. தாராவியில் ஈத் தொழுகை முடிந்து வெளியே வருவோர் ஒருவரையொருவர் தழுவிக்கொள்வதையும் அந்நியப் பழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது.

'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' திரைப்படம் 2003-இல் மும்பையைக் களமாக வைத்து வந்தது. அதன் தமிழ் வடிவமான 'வசூல்ராஜா' மறு ஆண்டு 'கட்டிப்பிடி வைத்திய'த்தைத் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. அந்தக் கதையில் நாயகன் அணைப்பவர்களில் மருத்துவமனைத் தரையைத் துடைக்கும் தொழிலாளியும் ஒருவர். திரையரங்கில் கண்கலங்கியவர்களில் எத்தனை பேர், தம் தெருவைக் கூட்டுபவரின் கையைத் தொட்டிருப்பார்கள்? யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், தீண்டாமையை ஒழிக்க அரசியல் சாசனத்தில் 17-ஆவது பிரிவு தேவைப்பட்ட நாட்டில், 'எவரானாலும் வரலாம்' என்று கைவிரித்து நிற்பது வெறும் விளையாட்டு அல்ல. திருநெல்வேலிச் சீமையில் சேரிகளிலிருந்து புறப்பட்டு, தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

எனினும், பதாகை பிடிப்போர் தம்மைச் சமூகச் சீர்திருத்தவாதிகளாக எண்ணிக்கொள்வதையும் ஒப்புக்கொள்வதற்கில்லை. படம் எடுத்து முடிந்ததும் மாலையில் அட்டையை மடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்றே தாராவியில் சிவசேனையினர் வெற்றி கொண்டாடும் சைக்கிள் பேரணி நடத்தினர் என்பது ஸ்ரீகிருஷ்ணா ஆணைய அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு தாராவியில் இந்துவும் முஸ்லிமும் மீண்டும் அருகருகே உட்கார்ந்தது எந்தப் பதாகையாலும் அல்ல. பாவு கோர்டே, வக்கார் கான் என்ற இரு நண்பர்களும் அவர்களைப் போன்றோரும் மொஹல்லா குழுக்களில் ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசியே அதைச் சாதித்தனர். நான்கு மதங்களின் உடையணிந்த நான்கு சிறுவர்களின் படத்தோடு 'நாம் அனைவரும் ஒன்று' என்ற சுவரொட்டியை வக்கார் கான் அச்சிட்டுப் பரப்பினார். இவ்விருவரின் நட்பைப் பற்றி 2003-இல் 'நாதா' என்ற ஆவணப்படமும் வந்தது. அந்த உழைப்புக்கும் ஒரு நிமிட அணைப்புக்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது.

ஆழமில்லாதது என்பதற்காக அது குற்றமாகிவிடாது. சட்டம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதிரே இருப்பவர் சம்மதித்தாரா? பதாகை பிடிப்பவர் காத்து நிற்கிறார். விரும்பியவர் வருகிறார், விரும்பாதவர் கடந்து போகிறார். காலை ஒன்பது மணிக்கு மாட்டுங்காவில் நின்று கிளம்பும் மின்ரயிலில் பெண்ணை உரசுபவன் எவரிடமும் கேட்பதில்லை. மகளிர் பெட்டி தேவைப்படுவதே அதனால்தான். ஆடைக்கு மேல் தொட்டால் அது போக்சோ சட்டத்தின் கீழ் பாலியல் தாக்குதல் ஆகாது என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி கிளை 2021 ஜனவரியில் கூறியதும், அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கும். சம்மதமற்ற தொடுகையில் தடுமாறும் சட்டம், சம்மதத்துடன் நிகழும் அணைப்பில் மட்டும் விறைப்புக் காட்டுகிறது.

ஆட்சியாளர்களுக்கு அணைப்பு ஆகாது என்பதும் இல்லை. பிரதமர் நரேந்திர மோடி வெளிநாட்டுத் தலைவர்களைத் தழுவி வரவேற்பது உலகறிந்தது. 2018 ஜூலை 20-இல் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தின்போது ராகுல் காந்தி எதிர்வரிசைக்குச் சென்று பிரதமரை அணைத்தபோதுதான், அவையின் கண்ணியம் குறித்துத் தலைவர் சுமித்ரா மகாஜன் நினைவூட்ட நேர்ந்தது. 2023-இல் காதலர் தினத்தைப் 'பசுவை அணைக்கும் நாளாக'க் கொண்டாடுமாறு விலங்கு நல வாரியம் வேண்டுகோள் விடுத்து, நாடே நகைத்ததும் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பசுவிடம் சம்மதம் கேட்பது எப்படி என்று வாரியம் சொல்லவில்லை.

புதிய சட்டத்தை ஆராய்ந்த உள்துறை நிலைக்குழு, தகாத உறவை மீண்டும் குற்றமாக்கப் பரிந்துரைத்தது. 296-ஆவது பிரிவில் 'ஆபாசச் செயல்' என்பதற்கு வரையறையும், சம்மதத்துடன் நிகழும் அன்பின் வெளிப்பாட்டுக்கு வெளிப்படையான விலக்கும் சேர்க்க ஒரு பத்தி போதும். ஓர் இளம் தம்பதி அன்பை வெளிப்படுத்துவது எப்படி ஆபாசக் குற்றமாகும் என்று தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் 2009-லேயே கேட்டுவிட்டார். நாடாளுமன்றம் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அதுவரை வழக்குகள் தம் வேகத்திலேயே நகரும். 2007 ஏப்ரலில் தில்லியில் நடந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சி மேடையில் ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியர், நடிகை சில்பா ஷெட்டியை அணைத்து முத்தமிட்டார். ராஜஸ்தானில் தொடரப்பட்ட வழக்கு பின்னர் மும்பைக்கு மாற்றப்பட்டது. அணைக்கப்பட்டபோது எதிர்ப்புக் காட்டவில்லை என்பதே சில்பா ஷெட்டி மீதான புகார். மும்பை நீதிமன்றம் அவரை விடுவித்தது 2022 ஜனவரியில்.