வாங்கில் இருந்து ஆட்டம் படித்தவர்கள்

பாடசாலை அணிக்குப் பயிற்றுவிப்பாளர் தேடும்போதெல்லாம் எமது ஊரில் முதலில் வரும் கேள்வி, "அவர் எத்தனை ஓட்டம் அடிச்சவர்?" என்பதுதான். அடித்தவருக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அது பிழை என்பதற்கு எமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டிலிருந்து ஒருவரைக் காட்டலாம். அமெரிக்க பேஸ்போல் உலகின் புரூஸ் போச்சி.

போச்சி ஒரு கேட்சர். எமது விக்கெட் காப்பாளர் மாதிரி, துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் குந்தியிருப்பவர். ஆனால் வேலை அதைவிடப் பெரியது. களத்தில் மற்ற எல்லோரும் அவரைப் பார்த்து நிற்க, முழு மைதானத்தையும் பார்த்திருப்பவர் அவர் ஒருவர்தான். எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று அந்நாளில் விரலால் சைகை காட்டியவரும் அவரே. ஒரு பருவத்துக்கு 162 போட்டிகள். அத்தனையிலும் ஒரே ஆளைக் குந்தவைத்தால் முழங்கால் தாங்காது. அதனால் ஒவ்வோர் அணியும் இரண்டாவது கேட்சர் ஒருவரை வைத்திருக்கும். சில நாட்களுக்கு ஒரு தடவை அவருக்கு ஆட்டம் கிடைக்கும். மற்ற நாட்களில் வாங்கில் இருப்பார், அல்லது மாற்று எறிவாளர்களுக்குக் கை சூடேறும்வரை பந்து பிடித்துக்கொடுப்பார்.

போச்சி அந்த இரண்டாவது ஆள். 1978 முதல் 1987 வரை ஹூஸ்டன், நியூயோர்க் மெட்ஸ், சான் டியேகோ அணிகளில் ஒன்பது பருவங்கள் இருந்தார். மொத்தம் 358 போட்டிகள்தான். துடுப்பாட்ட சராசரி .239, அதாவது நான்கு தடவைக்கு ஒரு தடவைகூட முழுதாக வராத அடி. (தலை மிகப் பெரியது என்பதால், அணி மாறியபோது பழைய தலைக்கவசத்துக்கே புது நிறம் பூசினார்களாம்!) 1984 இல் அவரது அணி வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடருக்குப் போனது. அதில் அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு துடுப்பாட்ட வாய்ப்பு.

ஓய்வுபெற்றதும் பெரிய அணி எதுவும் அவரைக் கூப்பிட்டுத் தலைமைப் பொறுப்புக் கொடுக்கவில்லை. 1989 இலிருந்து நான்கு வருடங்கள் கீழ்நிலை அணிகளில் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். பிறகு இரண்டு வருடங்கள் உதவிப் பயிற்றுவிப்பாளர். 1995 இல்தான் சான் டியேகோவின் தலைமை வந்தது. இந்த ஆறு வருடங்களைத்தான் எம்மில் பலர் கவனிப்பதில்லை. வாங்கில் இருந்தது மட்டும் அவரை ஆசானாக்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் நாம் கற்பித்தல் பயிற்சிக்குப் போனது போல, அவரும் சின்ன வகுப்பில் நின்று கற்பித்துப் பழகியே மேலே போனார்.

சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த பின் 2010, 2012, 2014 என மூன்று கிண்ணங்கள். 2014 இன் கடைசிப் போட்டியைச் சொல்லியே ஆக வேண்டும். எதிரணி கன்சாஸ் சிட்டி. இரண்டு நாள் ஓய்வு மட்டுமே எடுத்திருந்த மெடிசன் பம்கார்னரை ஐந்தாவது இன்னிங்ஸில் இறக்கினார், கடைசிவரை மாற்றவில்லை. அந்த எறிவாளர் 68 பந்துகள் எறிந்தார். 3-2 வெற்றி. எந்தக் கையில் இன்னும் பலம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, வருடக்கணக்காக எறிவாளர்களுக்குப் பந்து பிடித்துக்கொடுத்தவருக்குக் கைவந்த வேலை.

அன்று எதிர்ப்பக்க வாங்கில் தலைமை வகித்த நெட் யோஸ்டும் இரண்டாவது கேட்சராகவே காலம் கழித்தவர். 219 போட்டிகள், சராசரி .212. அடுத்த வருடம் 2015 இல் கிண்ணம் அவருக்கு. நட்சத்திர வீரர்கள் நிறைந்த விளையாட்டின் இறுதிப் போட்டியை அன்று நடத்தியது இரண்டு மாற்று வீரர்கள்.

அதற்காக போச்சி எப்போதும் வென்றவர் என்று நினைக்க வேண்டாம். 2019 இல் ஜயன்ட்ஸை விட்டு விலகியபோது அவரது கணக்கு 2,003 வெற்றி, 2,029 தோல்வி. தோல்விதான் கூட. அப்படியிருந்தும் 2023 பருவத்துக்காக டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரைத் தேடிப் போனது. முந்திய வருடம் 94 போட்டிகளில் தோற்ற அணி அது. அதே வருடம் தன் முதல் கிண்ணத்தை எடுத்தது.

ஆகவே பெற்றாரிடமும் பழைய மாணவர்களிடமும் நாம் கேட்பது இதுதான். இந்தத் தவணை அணியில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். புள்ளிப் புத்தகத்தை அவன் கையில் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும், "எந்த இடத்தில மகன் ஆட்டம் மாறினது?" என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.