மேடைக்கு எட்டாத வெளிச்சம்

எமது வீடுகள் சிலவற்றில் சிறிய டிஜிட்டல் கமரா ஒன்று இருக்கிறது. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த வாப்பாவோ மாமாவோ கொண்டுவந்ததாக அது இருக்கும். பரிசளிப்பு விழா, கலை விழா என்றால் அந்தக் கமராக்கள் எல்லாம் பாடசாலை மண்டபத்துக்கு வந்துவிடுகின்றன. நிகழ்ச்சி தொடங்கியதும் நாலா பக்கமும் பிளாஷ் மின்னுகிறது. மண்டபத்தினுள் இந்தப் பிளாஷை அணைத்துவிட வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலாவது, அதனால் பயன் இல்லை. சிறிய கமராவிலுள்ள பிளாஷ் பொதுவாக 3 அல்லது 4 மீற்றர் தூரத்துக்கே போதுமானது. ஸூம் செய்தால் அதுவும் குறையும். தூரம் 2 மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்று பௌதிகவியலில் படிக்கிறோம். அப்படியானால் 3 மீற்றரில் இருப்பவர் மீது விழும் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் 12 மீற்றருக்கு அப்பாலுள்ள மேடையைச் சென்றடையும். படத்தில் பளிச்சென்று தெரிவது முன்வரிசையினரின் தலைகள்தான். பிளாஷை நம்பும் கமரா மேடை விளக்கின் வெளிச்சத்தைப் போதிய நேரம் உள்வாங்குவதும் இல்லை. அதனால் பிள்ளை இருட்டில் நிற்கிறாள்.

இரண்டாவது காரணமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு கலை விழாவில் தரம் 2 தங்கச்சி ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். மேடைக்கு அருகே வந்து ஒருவர் பிளாஷ் அடித்தார். அவள் கண்ணைக் கசக்கினாள். அடுத்த வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஆசிரியை எடுத்துக் கொடுத்த பிறகே தொடர்ந்தாள். வாரக்கணக்கில் வீட்டில் உம்மாவிடம் ஒப்புவித்த பேச்சு அது. ஒரு படத்துக்காக அதைக் குழப்பலாமா?

பிளாஷ் இல்லாவிட்டால் படம் ஆடிப்போகுமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், வெளிச்சம் குறைந்தால் கமரா அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு வழி இருக்கிறது. ஐஎஸ்ஓ அளவைக் கூட்டுங்கள். கமராவை முன்னால் உள்ள கதிரையின் முதுகில் ஊன்றிப் பிடியுங்கள். பிள்ளை அசையாமல் நிற்கும் கணம் பார்த்து எடுங்கள்.

பிளாஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டிய இடத்தில்தான் நாம் அதை மறந்துவிடுகிறோம். நண்பகலில் வெளியே வெயில் எரிக்க, விறாந்தை நிழலில் உம்மம்மாவை நிறுத்திப் படம் எடுத்தால் முகம் கறுத்துப் போகிறது. வெளிச்சம் நிறைய இருப்பதால் தானியங்கி நிலையில் பிளாஷ் எரியாமல் விடலாம். அங்கேதான் மின்னல் அடையாளத்தை அழுத்தி, பிளாஷைக் கட்டாயமாக எரியச் செய்ய வேண்டும். 2 மீற்றர் அளவில் நின்று எடுத்தால் முகமும் தெரியும், பின்னாலுள்ள முற்றமும் தெரியும். மிகவும் நெருங்கினால் எமது வெள்ளைச் சீருடையும் பர்தாவும் வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும்.

கமராவில் மின்னலைக் கோடு போட்டு வெட்டிய அடையாளமும் உண்டு. விழா தொடங்குமுன் கைத்தொலைபேசிகளை நிறுத்தச் சொல்லும் அறிவிப்போடு, அந்த அடையாளத்தைத் தெரிவுசெய்யும்படியும் மாணவத் தலைவிகள் கேட்டுக்கொள்ளலாம். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகளை ஓரிடத்தில் நிறுத்திப் பெற்றோர் ஆசைதீரப் படம் எடுக்கட்டும். மேடையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களையாவது பிள்ளைக்கு விட்டுக்கொடுப்போம்.