எதை விடும் இந்த வலை?

பெரிய எஞ்சின், பெரிய வலை, நிறைய மீன். நம் ஊரில் மீன்பிடிக் கருவியின் 'திறன்' என்றால் இவ்வளவுதான் அர்த்தம். இந்த அர்த்தமே தப்பு என்கிறேன் நான்.

ஜொகூரின் கிழக்குக் கரையில், எண்டாவிலும் மெர்சிங்கிலும், இழுவைப் படகுகளிலிருந்து நல்ல மீனோடு இன்னொரு குவியலும் இறங்கும். விரல் நீளக் குஞ்சுகள், நசுங்கிய நண்டு. மலாயில் அதற்கு 'ஈக்கான் பாஜா' என்று பெயர். உர மீன். வளர விட்டிருந்தால் பாசாரில் விலை போயிருக்கும் மீனும் அதில் கிடக்கிறது. டீசலை எரித்துக் குஞ்சைப் பிடித்துத் தீவனத்துக்கு அரைப்பதற்குப் பேர் திறனாம்!

வலையின் மடியில் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். சாய்சதுரக் கண்கள் பாரம் ஏறியதும் இழுபட்டு மூடிக்கொள்ளும். அளவுகோலில் 38, கடலுக்குள் வெறும் கீறல். சதுரக் கண் அப்படி மூடாது.

வடக்கே தாய்லாந்து வளைகுடாவைப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் ஏறக்குறைய 300 கிலோ வந்தது. 1980களில் அது 50 கிலோ அளவுக்கு விழுந்தது. வலையா கெட்டுப்போனது? வலை மேலும் மேலும் தேறியது, கடல்தான் காலியானது.

குஞ்சு தப்ப மடியில் சதுரக் கண் போதும். கடலாமை தப்ப வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வேண்டும். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குப் போகும். ஆமை சட்டத்தில் மோதி, பக்கத்துத் திறப்பு வழியாக வெளியேறும். இந்தச் சட்டம் இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னதும், 1996இல் இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து மலேசியாவும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்கா நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியது என்று 1998 தீர்ப்பே சொன்னது. ஆனால் அது தன் நடைமுறையைத் திருத்திக்கொண்ட பிறகும் மலேசியா விடவில்லை. மறுபடி போய் 2001இல் தோற்றது. 2018இல் நம் கடல் இறாலுக்கு அமெரிக்கா தடை போட்டது.

"வெள்ளைக்காரன் சொல்லி நாம கேக்கறதா?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தச் சட்டத்தின் முன்னோடியைச் செய்தது அதிகாரியோ ஆமைக் காவலரோ இல்லை. ஜார்ஜியா மாநிலத்து இறால் மீனவர் சிங்கி பூன். 1960களில், வலையை அடைத்துக்கொண்ட ஜெல்லி மீன்களைத் தள்ளிவிட அவர் கண்ட வழி அது. வேண்டாதது வெளியே போனால் வலை கனக்காது, இறாலும் நசுங்காது. அது ஒரு தொழிலாளியின் கணக்கு. அதைத்தான் நாம் ரோஷப் பிரச்சினையாக்கி இத்தனை வருஷம் இழுத்தோம்.

மேடையில் யாராவது நவீன மீன்பிடி, மானியம் என்று முழங்கினால், எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டுக் கைதட்டாதீர்கள். இந்த வலை எதை விடும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது வலை இல்லை, கடலைக் கூட்டிப் பெருக்கும் துடைப்பம்.