எட்டாண்டு உழைக்கும் கணிப்பொறி

ஆரணியிலிருந்து ஒரு தாயார் நமக்கு மடல் எழுதியிருக்கிறார். கணவர் பட்டுத் தறியில் அமர்பவர். மூத்த மகன் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஆகும்படி ஒரு கணிப்பொறி வேண்டும் என்கிறான். சீட்டுப் பணமும், புடைவைக் கூலியில் மிச்சம் பிடித்ததுமாக ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. கடையில் இருப்பவற்றுள் விலைமிக்க புராசஸரைப் போட்டால்தான் பல ஆண்டு தாங்கும் என்பது கடைக்காரர் வாக்கு. மலிவானதே போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தந்தையின் முடிவு. இந்தப் பணம் மறுபடி சேர ஏழெட்டு ஆண்டுகள் ஆகுமே, இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தாயார் வினவுகிறார்.

விளையாட்டு தேவைதானா என்று அவர் கேட்கவில்லை. நாமும் அதற்குள் புகவில்லை; அது அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசி முடிக்க வேண்டியது. கேட்ட கேள்விக்கு நம் விடை, இருவர் சொல்வதும் சரியன்று என்பதே. ஏன் என்பதை ஆரணிக்காரர்க்கு விளக்குவது எளிது. தறி வீட்டிலேயே இருக்கிறது.

பூவேலைப் புடைவை நெய்யும் தறியின் உச்சியில் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது அல்லவா? துளையிட்ட அட்டை அதில் வந்து அழுந்துகிறது. துளை உள்ள இடத்துக் கொக்கி மேலெழுகிறது. அதனுடன் பாவின் இழைகள் உயர, நாடா ஊடையை இட்டுச் செல்கிறது. அட்டைக் கட்டை மாற்றினால் அதே தறியில் வேறு பூ மலரும். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் (அதுவும் பட்டு நெய்யும் ஊர்தான்) ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். கணிப்பொறிக்கு முன்னோடியான இயந்திரத்தை இங்கிலாந்தில் வரைந்த சார்லஸ் பாபேஜ், இந்த அட்டைகளைக் கண்டே, தம் பொறிக்கும் அட்டை வழியாகக் கட்டளை இடலாம் என எண்ணினார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டிலேயே நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை நெய்ய ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. ஆகவே புராசஸர் ஆரணிக்கு அந்நியச் சரக்கன்று.

விளையாட்டு என்பது அட்டைக் கட்டு. புராசஸர் ஜக்கார்டு பெட்டி. அதைத் தாங்கும் மதர்போர்டு தறிச்சட்டம். 240 கொக்கிக்கு எழுதிய பூவை 120 கொக்கிப் பெட்டியில் நெய்ய இயலாது. நெசவாளர் எத்துணைக் கைத்திறன் உடையவரானாலும் இயலாது. பெரிய பெட்டி வேண்டுமெனில், இருக்கும் சட்டம் அதைத் தாங்குமா என்பதே முதற்கேள்வி. தாயாரின் மடலில் கடைக்காரரும் தந்தையும் பெட்டியைப் பற்றியே வாதிடுகின்றனர். சட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திரையில் வினாடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமெனில், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் வினாடியை ஆயிரமாக்கியதில் 16 பங்குக்குச் சற்றே மேல். அதற்குள் எதிரி எங்கே, பந்து எத்திசையில், சுவர் இடிந்ததா என்றெல்லாம் புராசஸர் கணக்கிட்டுக் கொடுக்க, கிராபிக்ஸ் கார்டு அதைத் தீட்டுகிறது. கார்டுக்கு வலுக் குறைவெனில் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஆடலாம். புராசஸர் திணறினால் படம் விக்கி விக்கி வரும். அதற்குக் கைவைத்தியம் சொற்பமே.

2017-ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். இன்டெல் நிறுவனத்தின் ஐ5-7600கே அவ்வாண்டு சனவரியில் வந்தது: நான்கு கோர், நான்கு இழை. ஒரே வேளையில் நடக்கும் வேலைத் தொடரைப் பொறியாளரும் இழை என்றே அழைக்கின்றனர். ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 1600 வந்தது: ஆறு கோர், பன்னிரண்டு இழை. அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் முன்னதற்கே வேகம் மிகுதி. வேகத்தை மட்டும் பார்த்தவர்கள் அதையே வாங்கினர். சில ஆண்டுகளில் பெரிய விளையாட்டுகள் நான்கு இழைக்கு மேல் கேட்கலாயின. ஐ5 விக்கத் தொடங்கிற்று.

அவர்கள் பெட்டியை மாற்ற முயன்றபோதுதான் சட்டத்தின் கதை தெரிந்தது. 2017 அக்டோபரில் இன்டெல் ஆறு கோர் புராசஸரை வெளியிட்டது. சாக்கெட்டின் பெயர் அதேதான், எனினும் பழைய மதர்போர்டு அதை ஏற்காது. மறுபுறம், ரைசன் அமர்ந்த ஏ.எம்.4 சாக்கெட், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை ஏற்றது. அது விளையாட்டுக்கென்றே 96 மெகாபைட் உள்நினைவைச் சுமந்து வந்த எட்டுக் கோர் புராசஸர். 2017-இல் வாங்கிய போர்டில், தயாரித்தவர் தரும் பயாஸ் திருத்தத்தை ஏற்றியபின், அது பொருந்தியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோதும் இதே வேறுபாடு கைகொடுத்தது. மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுப் புராசஸர்கள் இரண்டுமே விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலில் இல்லை. ரைசன் வீட்டார் ஒரு சில்லை மாற்றிக் கரையேறினர், மற்றவர் ஏறத்தாழ முழுப் பொறியையும் மாற்ற வேண்டியதாயிற்று. நம் வாசகர் எவரேனும் இன்றும் ஏ.எம்.4 போர்டு வைத்திருந்தால், புதுப்பொறி வாங்குமுன் புராசஸரை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

எத்தனை கோர் போதும்? இதற்கு வழிகாட்டி, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிகளே. பெரிய விளையாட்டுகளை ஆக்குவோர் அப்பெட்டிகளின் வலுவை அளவுகோலாகக் கொண்டே எழுதுகின்றனர். பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013-இல். பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில், எட்டுக் கோர், பதினாறு இழையுடன். அதன் கோர்கள் 2019-ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்தவை. இன்றைய புராசஸரில் ஒவ்வொரு கோரும் அவற்றைவிட வலிமை மிக்கது. ஆகையால் ஆறு கோர், பன்னிரண்டு இழை இப்போதைக்குப் போதும் என்பது நம் எண்ணம். அடுத்த தலைமுறைப் பெட்டி வந்து சில ஆண்டுகள் கழித்தே அது இளைக்கும். நான்கு கோர் வேண்டாம்; தந்தையாரின் சிக்கனம் அங்கேதான் நட்டமாகும்.

எனவே ஆரணி வீட்டுக்கு நாம் சொல்வது ரைசன் 5 7600 அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஆறு கோர் புராசஸர். 7600 என்பது 2023-இல் வந்தது, குளிர்விசிறி உடன் வரும், அமர்வது ஏ.எம்.5 சாக்கெட்டில். அந்தச் சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. 2024-இல் அறிவித்தது. விலைமிக்கதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராபிக்ஸ் கார்டிலும் நல்ல பவர் சப்ளையிலும் இடட்டும். ஐந்தாறு ஆண்டு கழித்து, மகன் சம்பாதிக்கும் காலத்தில், 7800எக்ஸ்3டி போன்ற எட்டுக் கோர் ஒன்றை அதே போர்டில் அமர்த்திக்கொள்ளலாம். ஒரு சங்கடம் உண்டு: ஏ.எம்.5-க்கு டி.டி.ஆர்.5 நினைவகமே வேண்டும். அதன் விலை 2025-இன் இறுதி மாதங்களில் வெகுவாக ஏறிவிட்டது. முதலில் 16 ஜிகாபைட் ஒரே துண்டாக வாங்கி, விலை தணிந்தபின் இணைத்துண்டு போடலாம். வேகம் சற்றுக் குறையும், பாதகமில்லை.

விலைமிக்கதைத் தவிர்க்க வேறொரு காரணமும் நமக்குண்டு. இன்டெல் ஐ9-14900கே முழுமூச்சாக உழைக்கையில் 253 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது. 7600-இன் வரம்பு 88 வாட். இழுத்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்கும். ஆரணியின் மே மாதத்தில் ஓட்டு வீட்டில் இருப்போர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தவிரவும், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் புராசஸர்கள் பல, மின்னழுத்தம் மிகையானதால் நாளடைவில் நலிந்தன. 2024-இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது. பழைய சந்தையில் அவை மலிவாகக் கிடைத்தாலும் அம்மையார் வாங்க வேண்டாம்.

கடைக்குச் செல்லும் நாளில் மகன் மதர்போர்டின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதைத் தயாரித்தவரின் புராசஸர் பட்டியலில் 7800எக்ஸ்3டி இடம்பெற்றுள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கணிப்பொறியைத் தறிக்கு எட்டவே வைக்கச் சொல்லுங்கள். பட்டுப் பிசிறு விசிறியில் சுற்றிக்கொள்ளும்.